ஆந்தைகள்: எது எங்கே, எப்படி வேட்டையாடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்கிற ஆள் என்று தெரிந்துவிட்டால் போதும், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஆந்தையில் வந்து நின்றுவிடும். பள்ளிக்கூடத்திலும் வயல் வரப்பிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் கிட்டத்தட்ட இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டு ஆந்தைகளைப் பற்றித்தான். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் இலங்கைக்கும் பனி நாட்டுக்கும் போய்வருகிறேன்.

ஆந்தை, கூகை, கோட்டான் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. உலகத்தில் ஏறக்குறைய 250 வகை ஆந்தைகள் இருக்கின்றன. அவை இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை. கூகையும் அதன் உறவுகளும் ஒரு குடும்பம். மீதி எல்லாம் இன்னொன்று. இதய வடிவத்தில் வெள்ளை முகம், கறுத்த கண், நீண்ட கால், பொன்னிற முதுகு என்றால் கூகை. கோட்டான் என்று பொதுவாகப் பெரிய ஆந்தைகளைச் சொல்வார்கள். எந்தப் பெரிய ஆந்தை என்பது ஊருக்கு ஊர் மாறும்.

நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது புள்ளி ஆந்தை. மைனா அளவுதான் இருக்கும். மஞ்சள் கண், வெள்ளைப் புருவம். பாறைக்குன்றுகளில் கொம்பன் ஆந்தை. ஆறு, குளம் பக்கம் பூமன் ஆந்தை. பழைய மாந்தோப்பு, புளியமரச் சாலைகளில் பொரி ஆந்தை. காடுகளில் வேட்டைக்கார ஆந்தையும் சிறு காட்டு ஆந்தையும். இன்னும் சில உண்டு. இந்த ஆறேழையும் தெரிந்துகொண்டால் கீழே சொல்வதெல்லாம் புரியும்.

பகல்ல ஆந்தைக்குக் கண்ணு தெரியாதாமே?

நன்றாகத் தெரியும். இருட்டில் அகல விரியும் கண்மணி வெளிச்சத்தில் சுருங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். பகலில் அது அசையாமல் இருப்பதற்குக் காரணம் தூக்கமும் எச்சரிக்கையும். வெளியே வந்தால் காக்கையும் கரிச்சானும் கூட்டம் சேர்த்துக்கொண்டு விரட்டும். பகலில் காக்கை கூகையை வென்றுவிடும் என்று பழைய காலத்திலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் கண் தெரியாமை இல்லை. இரவில் தனியாக ஆளும் ஒரு பறவை, பகலில் ஒரு கூட்டத்தை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

எல்லா ஆந்தையும் இரவில் மட்டும்தான் வேட்டையாடும் என்பதும் சரியில்லை. புள்ளி ஆந்தை பொழுது சாயும்போதே கிளம்பிவிடும். சிறு காட்டு ஆந்தை மேகமூட்டமான நாளில் நடுப்பகலில்கூட இரை தேடும்.

சரி, கும்மிருட்டுல எலி இருக்குற இடம் எப்படித் தெரியுது?

பார்வை பாதி, காது பாதி. கண்ணுக்குக் கொஞ்சமாவது வெளிச்சம் வேண்டும். நட்சத்திர வெளிச்சமே போதும் என்றாலும் முழு இருட்டில் எந்த ஆந்தைக்கும் கண் தெரியாது. அங்கே கைகொடுப்பது காது. அதில் கூகைக்கு இணை கிடையாது. அமெரிக்காவில் ரோஜர் பெய்ன் என்ற ஆய்வாளர் 1950-களின் இறுதியில் ஓர் அறையை முற்றிலும் இருட்டாக்கி, தரையில் சருகு பரப்பி, கூகையை உட்காரவைத்து எலியை விட்டுப் பார்த்தார். சருகு சலசலத்த இடத்தில் கூகை நேராக வந்து இறங்கியது. எலிக்குப் பதிலாகக் காகித உருண்டையைச் சருகில் இழுத்தபோதும் அதன் மேல் பாய்ந்தது. அப்படியென்றால் அது மோப்பத்தையோ உடல் சூட்டையோ நம்பி வரவில்லை, சத்தத்தை மட்டும்தான். (கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாட்டை உலகுக்குக் கேட்கவைத்ததில் பெரும்பங்கு வகித்தவரும் இதே பெய்ன்தான்.)

இது எப்படி முடிகிறது? கூகையின் முகமே சத்தத்தைச் சேர்த்துக் காதுக்கு அனுப்பும் ஒரு தட்டு. முகத்து ஓரத்து விறைப்பான இறகுகளை விலக்கினால் காதுத் துளைகள் தெரியும். இடக்காது வலக்காதைவிடச் சற்று மேலே, கீழ்நோக்கித் திரும்பியபடி இருக்கும். வலக்காது சற்றுத் தாழ்ந்து மேல்நோக்கி இருக்கும். அதனால் கீழிருந்து வரும் சத்தம் இடக்காதில் பலமாக விழும், மேலிருந்து வருவது வலக்காதில். எந்தக் காதில் முதலில் கேட்டது என்பதை வைத்து இடமா வலமா என்று தெரியும். இரண்டையும் சேர்த்தால் இரை இருக்கும் இடம் துல்லியமாகக் கிடைத்துவிடும். கூகையின் மூளையில் இதற்கென்றே ஒரு வரைபடம் போல நரம்பணுக்கள் அடுக்கப்பட்டிருப்பதை எரிக் நுட்சன், மசகாசு கோனிஷி என்ற ஆய்வாளர்கள் 1978-இல் காட்டினார்கள்.

கொம்பு மாதிரி நிக்குதே, அது காது இல்லையா?

இல்லை, வெறும் இறகுக் கொத்து. காது முகத்தின் பக்கவாட்டில், இறகுக்கு அடியில் இருக்கிறது. கொம்பு எதற்கு என்றால், பட்ட கிளை மாதிரித் தெரிந்து மறைந்துகொள்ளவும் தன் இனத்துக்குச் சைகை காட்டவும் உதவும் என்பதுதான் பொதுவான கருத்து.

தலையை முழு வட்டமா சுத்துமாமே?

முழு வட்டம் இல்லை, சுமார் 270 பாகை. ஆந்தையின் கண் உருண்டையாக இல்லாமல் குழல் வடிவில் எலும்புக்குள் பொருந்தி இருப்பதால் நம்மைப் போல விழியை உருட்ட முடியாது. பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றால் தலையைத்தான் திருப்ப வேண்டும். அதற்காகக் கழுத்தில் 14 எலும்புகள், நமக்கு 7. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் திருகிக்கொள்ளாதபடி, எலும்பில் அது நுழையும் துளை மிகவும் அகலமாக இருக்கிறது.

புள்ளி ஆந்தை உங்களைப் பார்த்ததும் தலையை மேலும் கீழும் ஆட்டி, பக்கவாட்டில் நகர்த்தி, மறுபடி உங்களையே முறைக்கும். கோபம் என்று நினைக்க வேண்டாம். கண்ணை அசைக்க முடியாததால் தலையை அசைத்து, நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அளந்துகொண்டிருக்கிறது.

தலைக்கு மேல பறந்து போனாலும் சத்தமே வரலையே, ஏன்?

கூகையின் இறகு ஒன்று கீழே கிடைத்தால் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இறக்கையின் முன்விளிம்பு இறகில் சீப்புப் பல் போன்ற நுண்ணிய நீட்டல்கள் வரிசையாக இருக்கும். மேற்பரப்பைத் தடவினால் வெல்வெட் போல வழுக்கும். பின்விளிம்பு இழை இழையாகக் கலைந்திருக்கும். காற்று கிழிபடும் சத்தத்தை இந்த மூன்றும் சேர்ந்து அடக்கிவிடுகின்றன. உடல் எடைக்கு இறக்கை பெரியது என்பதால் அடித்து அடித்துப் பறக்கவும் வேண்டாம். எலிக்குக் கேட்கக் கூடாது என்பது ஒரு பக்கம். தன் இறக்கைச் சத்தம் தன் காதை மறைக்கக் கூடாது என்பது இன்னொரு பக்கம். பார்த்த இறகை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அப்போ எல்லா ஆந்தையும் சத்தமில்லாம பறக்குமா? மீன் பிடிக்கிற ஆந்தைகூட இருக்காமே?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இரண்டு பாதிக்கும் ஒரே பதில். பூமன் ஆந்தை பறக்கும்போது இறக்கைச் சத்தம் கேட்கும். மேலே சொன்ன சீப்பும் இழையும் அதற்கு வளரவே இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு மேலே பறப்பதன் சத்தம் கேட்டு என்ன ஆகப்போகிறது? மீன் போடும் சத்தமும் ஆந்தைக்குக் கேட்காது. எனவே காதை நம்பும் ஏற்பாடு எல்லாம் இதற்கு வேண்டியதில்லை. கூகைக்கு இருப்பது போல அழுத்தமான முகத்தட்டும் கிடையாது. கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கிறது.

காலைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பெரும்பாலான ஆந்தைகளுக்குக் கால் இறகால் மூடியிருக்கும். பூமனுக்குக் கீழ்க்கால் மொட்டை. தண்ணீரில் இறகு நனைந்து கனக்காது. உள்ளங்காலில் முள் முள்ளாகச் சொரசொரப்பு, வழுக்கும் மீனைப் பிடித்துக்கொள்ள. ஓடை நடுவே ஒரு பாறையிலோ நீர்மேல் சாய்ந்த கிளையிலோ உட்கார்ந்து காத்திருந்து மேற்பரப்பில் அள்ளும். ஆழம் குறைந்த இடத்தில் தண்ணீரில் இறங்கி நடந்தும் இரை தேடும். மீன், நண்டு, தவளை எல்லாம் உணவு. முதுமலை மோயாற்றுப் பக்கம், தேக்கடி, இலங்கையில் வில்பத்துக் குளங்கள் எல்லாம் இதைப் பார்க்க நல்ல இடங்கள். கரையோரப் பெரிய மரங்களை வெட்டிவிட்டால், குளத்தில் மீன் நிறைய இருந்தும் பூமனுக்குத் தங்க இடம் இருக்காது.

வயல்ல கூகை எப்படி எலி பிடிக்குது?

இரண்டு விதமாக. ஒன்று, தாழப் பறந்து சுற்றிவருவது. வரப்பை ஒட்டி இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் மெதுவாகப் பறந்து, சத்தம் கேட்ட இடத்தில் திரும்பி, கால்களை முன்னால் நீட்டியபடி விழும். இன்னொன்று, ஏதாவது ஒரு கம்பத்தில் உட்கார்ந்து காத்திருந்து பாய்வது. நெல் உயரமாக அடர்ந்துவிட்டால் எலியைப் பிடிப்பது சிரமம். நாற்று நட்ட புதிதிலும் அறுவடை முடிந்த தாளடியிலும் வேட்டை சுலபம்.

இறங்கியதும் எலியின் மண்டையிலோ கழுத்திலோ அலகால் ஒரு கடி, பிறகு பெரும்பாலும் முழுசாக விழுங்கல். கோயில் கோபுரம், பாழடைந்த வீடு, நெல் கிடங்கு என்று மனிதக் கட்டடங்களில் கூகை தங்குவதற்கும் காரணம் இருக்கிறது: இருட்டான பொந்தும் பக்கத்திலேயே எலியும் அங்கே சேர்ந்து கிடைக்கின்றன.

எலிதான் தின்னுதுன்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?

அது கக்கும் உருண்டையை வைத்து. முழுசாக விழுங்கிய இரையில் செரிக்காத முடி, எலும்பு, நகம் எல்லாம் வயிற்றில் உருண்டையாகத் திரண்டு வாய் வழியாக வெளியே வரும். கூகை தங்கும் மாடத்துக்குக் கீழே கறுப்பாக, வார்னிஷ் பூசியது போன்ற பளபளப்போடு கட்டைவிரல் பருமனில் கிடக்கும். தண்ணீரில் ஊறவைத்து ஊசியால் பிரித்தால் சாம்பல் முடிக்குள் மண்டையோடு உடையாமல் கிடைக்கும். முன்பல் நீண்டு வளைந்து, ஆரஞ்சு நிறமாக இருந்தால் எலி. பல் எல்லாம் கூராக, மண்டை ஒடுங்கி நீண்டிருந்தால் மூஞ்சூறு. மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் காவிரி டெல்டாக் கூகைகளை இந்த வழியில் ஆராய்ந்திருக்கிறார்கள். வயல் எலிகளோடு மூஞ்சூறும் அதன் முக்கிய உணவு.

புள்ளி ஆந்தையின் உருண்டை சிறியது, உதிர்ந்துவிடும். அதில் வண்டுகளின் மின்னும் இறக்கை ஓடுகள்தான் அதிகம். உருண்டையைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பள்ளி மாணவர்களுக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

எங்க தெருவிளக்குல தினமும் ஒரு சின்ன ஆந்தை உட்காருதே, அது எதுக்கு?

பூச்சிக்கு. விளக்கைச் சுற்றும் அந்துப்பூச்சி, வண்டு, மழை பெய்த மறுநாள் கிளம்பும் ஈசல் எல்லாம் புள்ளி ஆந்தைக்குச் சோறு. கம்பத்தில் இருந்து கீழே குதித்துத் தரையில் எடுக்கும், சில சமயம் பறந்தபடியே காலால் பிடிக்கும். பல்லி, சுண்டெலி, மண்புழு கிடைத்தாலும் விடாது. மரப்பொந்திலும் பழைய சுவரின் ஓட்டையிலும் கூடு வைக்கும். இந்தப் பறவைக்கு நகரத்தில் உணவுத் தட்டுப்பாடு குறைவு, பொந்து கிடைப்பதுதான் பெரிய பாடு. பொந்துள்ள கிழ மரத்தை 'ஆபத்து' என்று வேரோடு சாய்க்காமல், கிளைகளை மட்டும் குறைத்து நிறுத்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

குவாரிப் பக்கம் 'பூ...போ'ன்னு ஆழமா ஒரு குரல் கேக்குது. கோழியைத் தூக்கிடுமா?

அது கொம்பன் ஆந்தை. அரை மீட்டருக்கு மேல் உயரம், ஆரஞ்சுக் கண், நிமிர்ந்த கொம்பு. உயரமான பாறை விளிம்பில் உட்கார்ந்து சுற்றிலும் திறந்த நிலத்தைக் கவனிப்பதும் அங்கிருந்து சரிந்து இறங்கி அடிப்பதும்தான் அதன் முறை. எலி, பெருச்சாளி, முயல், கௌதாரி என்று தன் பலத்துக்கு ஏற்ற இரை. முட்டையைப் பாறைத் திட்டிலோ வெறுந்தரையிலோ இடும். அதனால்தான் கைவிடப்பட்ட குவாரியும் அதற்கு வீடாகிறது. ஆடு மேய்ப்பவர்கள் தற்செயலாக மிதித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

இரவில் வெளியே திரியும் கோழியை அது பிடிக்கக்கூடும். பொழுது சாய்ந்ததும் கூண்டில் அடைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. கூகையும் புள்ளி ஆந்தையும் வளர்ந்த கோழியின் பக்கமே வராது.

அடர்ந்த காட்டுக்குள்ள மரத்துல மோதாம எப்படி?

காட்டு ஆந்தைகள் நீண்ட தூரம் துரத்துவதில்லை. உட்கார்ந்து, கேட்டு, குறுகிய தூரம் பாய்கின்றன. அகன்று குட்டையான இறக்கை அதற்கு உதவுகிறது. பொரி ஆந்தை இப்படித்தான். மரப்பட்டையோடு கலந்துவிடும் உடல், முகத்தில் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள். எலி, பறவை, ஓணான் எல்லாம் பிடிக்கும். வேட்டைக்கார ஆந்தை வேறு மாதிரி. முகத்தட்டு சரியாக இல்லை, வால் நீளம், உருவமே வல்லூறு போல. காட்டின் இடைவெளியில் ஒரு கிளையிலிருந்து கிளம்பி, பறக்கும் வண்டை அந்தரத்திலேயே பிடித்துத் திரும்பும்.

இலங்கையில் சிங்கராஜ போன்ற ஈரக்காடுகளில் ஒரு குட்டி ஆந்தை இருக்கிறது, செரண்டிப் ஆந்தை. தரையை ஒட்டிய புதர்களில் பூச்சி தேடுவது. இலங்கைப் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட 1995-இல் அதன் குரலை மட்டும் கேட்டார். 2001-இல்தான் கண்ணால் பார்த்தார். 2004-இல் புது இனமாக அறிவிக்கப்பட்டது. அவ்வளவு பேர் பறவை பார்க்கப் போகும் காட்டிலேயே இப்படி ஒன்று மறைந்திருந்தது. அதனால் காட்டில் ஆந்தை தேடுபவர்கள் முதலில் குரல்களைப் பழகிக்கொள்ள வேண்டும்.

மரமே இல்லாத புல்வெளியில?

குட்டைக்காது ஆந்தை இருக்கிறது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இந்தியாவுக்கு வரும்; தெற்கே அரிதாகத்தான் பார்க்க முடியும். நீண்ட இறக்கையோடு புல்லுக்கு மேலே தாழ்வாக, மாலை வெளிச்சத்திலேயே சுற்றிவரும். தூங்குவதும் தரையில்தான். தரிசு நிலம் என்று நாம் ஒதுக்கும் புல்வெளிதான் அதற்கு வேட்டைக்களம்.

பனி நாட்டில் இன்னும் கடினம். வட துருவத்துப் பனி ஆந்தை, கோடையில் சூரியனே மறையாததால் பகலில் வேட்டையாடித்தான் ஆக வேண்டும். வட காடுகளின் பெரும் சாம்பல் ஆந்தை, பனிக்கடியில் சுரங்கம் போடும் எலியைச் சத்தத்தை வைத்தே பிடிக்கிறது. பனி சத்தத்தின் திசையை மாற்றிவிடும் என்பதால் இரைக்கு நேர் மேலே வந்து, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, பிறகு தலைகுப்புற விழும். கூகையின் காது பற்றி மேலே சொன்னதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

வயல்ல 'டி' குச்சி நட்டா கூகை வருமா?

பக்கத்தில் கூகை இருந்தால் வரும். உட்கார்ந்து பாயும் வேட்டைக்கு இருக்கை வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அதைத்தான் பறவைத் தாங்கி என்று சொல்லும் இந்த 'டி' வடிவக் குச்சி கொடுக்கிறது. நாற்று நட்ட புதிதிலேயே வையுங்கள். கதிர் வரும் பருவத்தில் எடுத்துவிடுவது நல்லது, இல்லையென்றால் நெல் கொத்தும் பறவைகளும் உட்கார்ந்துகொள்ளும். குச்சி வழுக்காமல் இருக்க மேல்கட்டையில் வைக்கோல் பிரி சுற்றலாம். கூடு வைக்க இடமில்லாத ஊரில் மரப்பெட்டி வைப்பது அடுத்த படி. இஸ்ரேலிலும் மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும் 1980-களிலிருந்து கூகைப் பெட்டிகளை வைத்து எலியைச் சமாளித்து வருகிறார்கள்.

கூகை இருந்தும் எங்க வயல்ல எலி குறையலையே?

குறையாமல் போகலாம். எலி பெருகும் வேகம் அப்படி. கூகை நான்கிலிருந்து ஏழு முட்டை வரை இடும். ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில் பொரியும். எலி நிறைய இருந்தால் எல்லாக் குஞ்சும் தேறும், இல்லாவிட்டால் கடைசிக் குஞ்சுகள் பிழைக்காது. அதாவது எலி பெருகிய பிறகுதான் கூகை பெருகும், முன்கூட்டியே பெருகாது. வரப்பை ஒடுக்கமாக வைப்பது, வளை வெட்டுவது, தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறி வைப்பது இவற்றோடு கூகையும் சேர்ந்தால் பலன் தெரியும். கூகையை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்.

எலி மருந்து வைச்சா ஆந்தைக்கு ஏதாவது ஆகுமா?

ஆகும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். புரோமடையலோன் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் ஆந்தைக்கு மிகச் சுலபமான இரை. மருந்து அதன் உடலிலும் சேரும், குஞ்சுகளுக்கும் போகும். கூகை கூடு வைத்திருக்கும் இடத்தில் கிட்டியும் வளை வெட்டுவதும் போதுமா என்று முதலில் பாருங்கள். மருந்து வைத்தே ஆக வேண்டும் என்றால் செத்த எலிகளைத் தினமும் காலையில் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள்.

வீட்டு மேல அலறினா சாவு வரும்னு சொல்றாங்களே?

வராது. ஆந்தை கத்துவது எல்லையைச் சொல்லவும் துணையை அழைக்கவும். கூகையின் கீச்சலும் பொரி ஆந்தையின் நடுங்கும் குரலும் கேட்க அச்சமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. இதையும் யோசித்துப் பாருங்கள்: நோயாளி இருக்கும் வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரியும். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் புள்ளி ஆந்தை வரும். இந்தப் பயத்தால் கல்லடி பட்டுச் சாகும் ஆந்தைகளும் மாந்திரீகத்துக்காகப் பிடிக்கப்படும் ஆந்தைகளும் உண்டு; அதிலும் தீபாவளி நேரத்தில் கடத்தல் கூடுகிறது. ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஆந்தைக்குஞ்சு கீழே கிடந்துச்சு, என்ன செய்யணும்?

காயம் இல்லை, கண் திறந்து நிற்கிறது என்றால் துணியால் மெதுவாக எடுத்து அதே மரத்தில் உயரமான கிளையிலோ பொந்திலோ வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொய். காயமோ மாஞ்சா நூல் சிக்கலோ இருந்தால், காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால், சோறு, பிஸ்கட் வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

குரலை போன்ல போட்டுக் கூப்பிடலாமா? டார்ச் அடிச்சுப் பார்க்கலாமா?

தவிர்த்துவிடுங்கள். போனில் அதன் குரலைக் கேட்ட ஆந்தை, தன் எல்லைக்குள் வேறொன்று புகுந்துவிட்டது என்று நினைத்து வேட்டையை விட்டுவிட்டு வரும். அந்த நேரத்தில் கூட்டில் குஞ்சுகள் பசியோடு இருக்கும். நேரடி வெளிச்சம் அடித்தால் இருட்டுக்குப் பழகிய கண் கூசிப்போய் அது தடுமாறும். பொழுது சாய்வதற்குச் சற்று முன்பே போய், பொந்திலிருந்து தள்ளி உட்காருங்கள். புள்ளி ஆந்தை என்றால் இருட்டுவதற்குள்ளேயே வெளியே வந்துவிடும்.